மாதேஸ்வரி எழுதிய மூன்று வரி

சென்ற வாரம் பயிற்சி வகுப்பில் உங்களோடு பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். அதில் பத்து நிமிடம் மைக்கைச் சரிசெய்வதில் போயிற்று. மிச்ச நேரத்தில் பென்சில் பிடிக்கும் விதம், நான்கு கோடு நோட்டு, சொல் அட்டை என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. சொல்ல நினைத்துப் போனது வேறு. அது நான் செய்த ஒரு தவறைப் பற்றியது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வாய் எழவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு என்று உத்தரவு கையில் வந்ததும் உங்களில் சிலர் முகம் தொங்கிப்போனதைக் கவனித்தேன். வெட்கப்பட வேண்டாம், எனக்கும் தொங்கியது. எம்.ஏ. படித்துவிட்டு 'அம்மா, ஆடு' எழுதிக் காட்டப் போகிறாயா என்று என் வீட்டிலேயே கேலி செய்தார்கள். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகு சொல்கிறேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். ஆறு வயதுப் பிள்ளை வாயைத் திறந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கதை கேட்கிற ஆசை உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

நான் கடத்தூர்ப் பக்கத்துக்காரி. வயலும் கிணறும் பார்த்து வளர்ந்தவள். சர்வீஸின் கடைசிப் பகுதியில் என்னை ஒகேனக்கலுக்குச் சற்று முன்னால், காவிரிக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு மாற்றினார்கள். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி. தலைமை ஆசிரியர் நாலாவதும் அஞ்சாவதும் எடுப்பார், மற்ற மூன்றும் எனக்கு. பிள்ளைகள் பெரும்பாலும் பரிசல் ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், மீன் வறுத்து விற்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

போன முதல் வாரம் 'ஆறு ஓடுகிறது' என்ற பாடம் எடுத்தேன். படித்து முடித்ததும் சும்மா ஒரு கேள்வி போட்டேன். தண்ணீர் ஓடும், வேறு என்ன செய்யும்? ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஏறும். எறங்கும். முட்டும். சுத்தும். கக்கும். பாறைக்குப் பின்னால் தூங்கும் என்றான் ஒருவன். தண்ணீர் எப்படியடா தூங்கும் என்று கேட்டேன். "வந்து பாருங்க டீச்சர், அங்க மட்டும் அசையவே அசையாதுங்க" என்றான். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் தண்ணீர் செய்வது ஒரே ஒரு வேலை. இந்தப் பிள்ளைகளிடம் அது பதினான்கு வேலை செய்தது. இவர்களுக்குச் சொல் சொல்லித் தர நான் வந்திருக்கிறேனாம்!

எல்லோரும் கத்தி முடித்த பிறகு கடைசி வரிசையிலிருந்து, "இழுக்குமுங்க" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. அதுதான் மாதேஸ்வரி. அப்போது ஒன்றாம் வகுப்பு. நாங்கள் மாதேசு என்று கூப்பிடுவோம். வாரத்துக்கு ஒரு சொல் பேசினால் அதிகம்.

பேச்சுதான் இப்படியே தவிர, எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அத்தனையும் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. நான் என்ன எழுதினாலும் அது அப்படியே அவள் நோட்டில் வந்துவிடும். ஒருநாள் டஸ்டர் பட்டு ஒரு வரி பாதி அழிந்திருந்தது. அவள் அந்தப் பாதி எழுத்துகளைப் பாதியாகவே எழுதி வைத்திருந்தாள். நான் சிரித்தேன், பிறகு கவலையும் வந்தது. சொந்தமாக ஒரு வரி எழுது என்றால் பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எழுதிப்போட வேண்டும், அவள் அதைப் பார்த்து எழுத வேண்டும். ஏழெட்டு மாதம் இதே கதைதான்.

வகுப்பில் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். சுவரின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு கயிறு. துணி காயப்போடும் கிளிப் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கும். திங்கட்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு தாள். நேற்று பார்த்ததைப் படமாக வரைந்து, அதற்குக் கீழே தெரிந்த மட்டும் எழுத வேண்டும். நான் திருத்தியதும் அவரவர் கிளிப்பில் மாட்டிவிடலாம். மாதேசுவின் தாளில் வாரா வாரம் பூந்தொட்டி ஒன்று இருக்கும். கீழே 'பூ' என்று இருக்கும். இரண்டும் சுவரில் மாட்டியிருந்த அட்டையிலிருந்து எடுத்தது.

அவள் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகு, ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. கையெழுத்துப் போட நீட்டுகிற மாதிரி என் மேசையில் தாளை வைத்துவிட்டு நின்றாள். பூந்தொட்டி இல்லை. பெரிய வட்டம் ஒன்று, அதைச் சுற்றிச் சுற்றிக் கோடுகள். கீழே மூன்று வரி.

'தண்ணி செவப்பா இருந்துச்சு. பரிசல் மூனு சுத்து சுத்துச்சு. அப்பா பேசவே இல்ல.'

எனக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சொந்த வரி, அதுவும் மூன்று! சிவப்பு மையில் 'மூன்று', 'சுற்று' என்று திருத்தினேன். 'மிக நன்று' எழுதினேன், பெரிய நட்சத்திரம் போட்டேன். வகுப்பு முழுவதையும் கைதட்டச் சொன்னேன். அவளே போய்த் தன் கிளிப்பில் மாட்டினாள். முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

இப்போது சொல்லுங்கள், நான் செய்த தவறு உங்களுக்குத் தெரிகிறதா? எனக்குப் பதினோரு மணி வரை தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். அரிசி போட ஆள் கணக்கு எடுக்கப் பதினோரு மணிக்கு வகுப்புக்கு வருவார். பள்ளிக்கூடம் போகாதவர். உலை கொதிக்கும் நேரத்தில் என் வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகளோடு பிள்ளையாக எழுத்துக் கற்றுக்கொண்டவர். கயிற்றில் தொங்குவதை ஒன்றுவிடாமல் விரல் வைத்துப் படிப்பார். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகும். அன்று மாதேசுவின் தாளில் வைத்த விரலை அவர் எடுக்கவில்லை.

"டீச்சர், இந்தப் புள்ள எழுதியிருக்கறத பாத்தீங்களா?"

"பாத்தேனே. மொத மொத சொந்தமா எழுதியிருக்கா. ஸ்டார் போட்டிருக்கேன் பாருங்க."

"ஸ்டார் கெடக்கட்டுங்க. தண்ணி செவப்பா இருந்தா அது புதுத் தண்ணிங்க. மேல இருந்து தண்ணி வருதுன்னு சனிக்கெழமையே பரிசல் ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. நேத்து ஞாயித்துக்கெழமை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு சுத்து சுத்துச்சுன்னா சுழியில மாட்டியிருக்குதுங்க. புள்ள உள்ள இருந்திருக்குது. கரையில இருந்து பாத்தவ இப்பிடி எழுத மாட்டா."

இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு குழந்தை, 'நேற்று நான் சாகப் பார்த்தேன்' என்று எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறது. நான் அதில் றகரத்தைத் திருத்தி, மிக நன்று என்று போட்டிருக்கிறேன். எழுத்தைத்தான் பார்த்தேன், படிக்கவே இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருவர் வந்து எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. வேறு எவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்திருந்தாலும், ஐயோ என்னம்மா ஆச்சு என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

அதை நினைத்து வருத்தப்படவும் நேரம் கிடைக்கவில்லை. தலைமை ஆசிரியர் வேகமாக உள்ளே வந்தார். சுற்றுச்சுவர் வேலையைப் பார்க்க ஊராட்சி ஒன்றிய அதிகாரி கிளம்பிவிட்டாராம், கால் மணி நேரத்தில் வந்துவிடுவாராம். பரிசல் லைசென்ஸ் எல்லாம் அந்த அதிகாரியின் மேசை வழியாகத்தான் போகும். அவர் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பிள்ளைகள் எழுதியதை நின்று படிப்பவர் என்பதும் எங்களுக்குத் தெரியும். சமையல் அக்கா தாளைக் காட்டினார். தலைமை ஆசிரியர் படித்தார்.

"எடுத்துருங்க டீச்சர். அந்தாளு லைசென்ஸ் போயிருச்சுன்னா குடும்பமே தெருவுக்கு வந்துரும். எதுக்கு வம்பு?"

நான் போய்க் கிளிப்பில் கை வைத்தேன். மாதேசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கைதட்டு வாங்கிய முகம் இன்னும் மாறவில்லை.

அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். அப்படியே விட்டால் அவர் படிப்பார், அப்பாவின் லைசென்ஸ் போகும். தான் எழுதிய மூன்று வரிதான் அப்பாவின் பரிசலைப் பிடுங்கியது என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைக்கும். உருவி மேசைக்குள் போட்டால், பூந்தொட்டிதான் எழுதத் தகுந்தது, நிஜத்தை எழுதினால் டீச்சர் பிடுங்கிக்கொள்வார் என்று நினைக்கும். அதன் பிறகு அவள் பென்சிலைத் தொடுவாளா? இன்னொரு பக்கம், அந்த அப்பன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தடை போட்ட ஆற்றில் பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவனை எதற்காக நான் காப்பாற்ற வேண்டும்?

எனக்கு வழி எதுவும் தோன்றவில்லை. காலையிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்போம் என்று போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாதேசு, இத யாருக்காக எழுதுன?"

"அப்பாவுக்குங்க" என்றாள்.

"அப்பாகிட்ட வாயாலயே சொல்லலாமில்ல?"

"ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லுச்சுங்க. அம்மாகிட்டயும்."

"அப்பறம் எழுதியிருக்கயே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எழுதக் கூடாதுன்னு சொல்லலைங்களே."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதமாக இந்தப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வாயை மூடச் சொன்ன இடத்திலும் வேலை செய்யக்கூடியது எழுத்து என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். எந்தப் பயிற்சியிலும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

"அப்பா இதப் பாத்துட்டு என்ன பண்ணணும்?"

"ஏன் பேசலைன்னு சொல்லணுங்க. எப்பவும் பேசிக்கிட்டேதான் துடுப்பு போடுமுங்க."

எனக்குப் புரிந்தது. தண்ணீரோ சுழியோ அவளை அவ்வளவு பயமுறுத்தவில்லை. அப்படிப்பட்ட அப்பா அன்று வாயே திறக்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியிருக்கிறது. அந்த மூன்று வரியும் ஒரு கேள்வி. அதை நான் சுவரில் மாட்டி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பிடின்னா இது லெட்டரு சாமி" என்றேன். "லெட்டர எல்லாரும் பாக்க மாட்டக் கூடாது. மடிச்சு, யாருக்கோ அவங்க கையில குடுக்கணும். நீயே எடுத்துக்கறயா?"

அவளே எழுந்து போய் எடுத்தாள். எப்படி மடிப்பது என்று காட்டினேன். வெளிப்பக்கம் பெயர் எழுத வேண்டும் என்றேன். நான் எழுதிப்போடுவேன் என்று காத்திருக்கவில்லை. 'அப்பாவுக்கு' என்று அவளே எழுதி, பையில் போட்டுக்கொண்டாள். எழுதி முடிக்கவும் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

அதிகாரி நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். கயிற்றோரமாக நடந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருவன் தன் ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைக்கவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்துச் சத்தமாகச் சிரித்தார். காலியாக இருந்த கிளிப்பிடம் வந்து நின்றார்.

"மாதேஸ்வரி எழுதலையா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. "எழுதிட்டாங்க சார். அது லெட்டரு. உரியவங்க கையில குடுக்கறதுக்கு எடுத்துட்டா."

"பரவால்லயே. நம்ம ஆபீஸ்ல போற லெட்டருக்கு இந்த மரியாதை இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளிப்புக்குப் போனார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நெஞ்சு ஒன்றும் லேசாகிவிடவில்லை. புகார் செய்திருக்க வேண்டாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். முதலில் அந்த ஆளை நேரில் பார்ப்பது, பார்த்த பிறகு முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன். அது சரியா என்பதில் எனக்கு இன்றும் முழுத் தெளிவு இல்லை.

மாலையில் பஸ் ஏறிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று சொன்ன மனிதனிடம், ஏழு வயதுப் பிள்ளையின் கையில் அந்தத் தாளைக் கொடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு என்ன தெரியும்? அடித்தால்?

செவ்வாய்க்கிழமை மாதேசு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அன்று நாலு மணிக்குச் சமையல் அக்காவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

வீட்டு வாசலில் பரிசல் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் அவள் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் பென்சில். எதிரே இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு மாதேசு. உடம்பில் ஒரு காயமும் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பியது. உயிர் திரும்பியதும் கோபமும் கூடவே வந்தது.

"ரெண்டு நாளா புள்ளைய ஏன் அனுப்பல?"

அவர் எழுந்து நின்றார். "நான் போவச் சொல்லித்தானுங்க டீச்சர் கெடக்கறேன். பதில் வாங்காம போவ மாட்டேங்குது. வாயால சொல்றேன்னாலும் கேக்கல. பேப்பர்ல கேட்டா பேப்பர்லதான் சொல்லணுமாமா."

நான் சமையல் அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஆத்துல போட்டிருந்த வலைய எடுத்தாந்துரலாமுன்னுதான் போனேனுங்க" என்றார் மாதேசுவின் அப்பா தரையைப் பார்த்தபடி. "போவும்போது தண்ணி அவ்வளவு இல்லீங்க. வூட்டுல ஆருமில்ல, அது அம்மா மீன் கடைக்குப் போயிருந்தா. புள்ளைய தனியா உட வேண்டாமேன்னு ஏத்திக்கிட்டேன். அவகிட்டயும் நேத்தே சொல்லிட்டேனுங்க. அதுல இருந்து எங்கூடப் பேசறதில்ல."

"இன்னொருக்கா தண்ணி ஏறுன நாள்ல இந்தப் புள்ளைய பரிசல்ல பாத்தேன், நானே போயி எழுதிக் குடுப்பேன். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றேன்.

"குடுங்க டீச்சர். நீங்க குடுக்கலைன்னாலும் நான் இனிமே..."

"பேசக் கூடாது" என்றாள் மாதேசு. "எழுதணும்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். நோட்டை எட்டிப் பார்த்தேன். 'மாதேசுக்கு' என்று இருந்தது. கீழே எழுதி எழுதி அழித்து, தாள் கிழிகிற அளவுக்கு வந்திருந்தது.

"அஞ்சாவது வரைக்கும் படிச்சேனுங்க. எழுத்தெல்லாம் வரும். பயந்துட்டேன்னு புள்ளைக்கு எப்பிடிங்க எழுதறது?"

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? நான் அவர் பக்கத்தில் குனிந்து, "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றேன்.

மாதேசு வேகமாகத் தலையை ஆட்டினாள். "வேண்டாங்க டீச்சர். நீங்க சொன்னா அது உங்க லெட்டருங்க."

கரும்பலகையில் நான் எழுதாமல் ஒரு புள்ளிகூட வைக்காத பிள்ளைதான் இதைச் சொன்னது. நானும் சமையல் அக்காவும் வாயை மூடிக்கொண்டு அங்கிருந்து கிளம்பினோம்.

நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வருடம் தண்ணீர் ஏறிய ஒவ்வொரு நாளும் சமையல் அக்கா அவர்கள் வீட்டு வழியாகவே பள்ளிக்கு வந்தார். அவராகவே செய்தது, நான் கேட்டு அல்ல. பரிசல் வாசலில் கவிழ்த்தபடிதான் இருந்தது என்று வந்து சொல்வார். அதற்குப் பிறகுதான் எனக்கு அன்றைய பாடமே ஓடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பதிலில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதே ஆவல்தான். வியாழக்கிழமை காலை மணியடிக்கும் முன்பே மாதேசு வந்துவிட்டாள். பாவாடைச் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. பிள்ளை கையில் எந்தத் தாளைக் கண்டாலும் வாங்கிப் பார்த்தே பழகிய கை, தானாக நீண்டது.

அவள் பையைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். கோபமெல்லாம் இல்லை, தெரியாதவர்களுக்குப் புரிய வைக்கிற குரல்.

"எனக்கு எழுதுனதுங்க டீச்சர்."

கையை இழுத்துக்கொண்டேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.